இராவணனுக்குத் திருநீறு பூசிவிடுங்கள், ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் திருகோணமலையில் தையற்கடை வைத்திருக்கிறவன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் சிறுவர் பக்கத்தில் இராமாயணம் படக்கதையாக வந்துகொண்டிருக்கிறது. என் பேத்தி ஒவ்வொரு கிழமையும் அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டுகிறாள், அதனால் நானும் ஒன்று விடாமல் வாசித்துவிட்டேன். போன ஞாயிறு இராவணன் வந்தான். கன்னங்கரிய உடம்பு, சிவந்த கண், வாயின் இரண்டு பக்கமும் கோரைப்பல், தோலில் செய்தது போல ஒரு சட்டை. நெற்றியில் ஒன்றுமே இல்லை. திருநீறு இல்லை. அந்தப் படத்தைப் பார்த்ததில் இருந்து மனம் ஆறவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

இதைச் சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். "இராவணன் மேலது நீறு, எண்ணத் தகுவது நீறு" என்று திருநீற்றுப் பதிகத்தில் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். "மந்திரமாவது நீறு" என்று தொடங்குகிற பதிகம்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்தால் மருந்து கொடுத்த கையோடு நெற்றியில் திருநீறு பூசி எங்கள் வீட்டு அம்மம்மாக்கள் வாய்க்குள் சொல்கிறார்களே, அது. சம்பந்தர் தன் பதிகங்களில் எட்டாவது பாட்டை அநேகமாக இராவணனுக்கென்றே வைத்திருக்கிறார். கயிலை மலையை எடுத்தான், சிவனின் பெருவிரலில் நசுங்கினான், அழுது பாடினான், அருள் பெற்றான். எங்கள் கோணேசர் பதிகத்திலும் எட்டாவது பாட்டு "எடுத்தவன் தருக்கை இழித்தவர் விரலால்" என்றுதான் தொடங்கும். தருக்கு என்றால் செருக்கு. செருக்கை அடக்கிவிட்டுப் பிறகு வாழ்வைக் கொடுத்தார் என்று அந்தப் பாட்டுப் போகிறது. ஏழாம் நூற்றாண்டில் இருந்து கோயிலில் இப்படிப் பாடி வந்த ஒருவனை, எங்கள் பிள்ளைகள் இப்போது முதன்முதலில் சந்திப்பது கோரைப்பல்லோடு.

என் கடையில் நடந்ததைச் சொன்னால் நான் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்று உங்களுக்கு விளங்கும்.

வாணிவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பெற்றோர் வரத் தொடங்குவார்கள். முந்தி வந்தால் "இராமர் வேசத்துக்கு ஒரு உடுப்பு வேணும்" என்பார்கள், நிறமும் துணியும் என் பொறுப்பு. இப்போது கடைக்குள் கால் வைக்கும்போதே போனைத்தான் நீட்டுகிறார்கள். அதில் யூரியூப்பில் எடுத்த காட்டூன் படமோ, ஏதாவது சினிமாப் படமோ இருக்கும். "இதே மாதிரி தைச்சுத் தாங்கோ." இராமனுக்கு மரவுரிதானே, காட்டில்தானே இருக்கிறான் என்று கேட்டால், இல்லையாம், மார்பில் தசை பிதுங்குவது போல ஸ்பொஞ்ச் வைத்துப் பொன் நிறக் கவசம் வேண்டுமாம். இராவணனுக்குக் கறுப்பு ரெக்சின். சீதைக்கு வட இந்தியக் கல்யாணப் பெண்ணின் பாவாடை, முக்காடு. பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேரின் போனிலும் ஒரே மாதிரிப் படம்தான்.

இந்த வருசம் ஒரு தாய் ஒன்பது வயது மகளோடு வந்தார். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. பிள்ளைக்குச் சூர்ப்பனகை வேசம். ரீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார்: கறுப்பு உடுப்பு, வயிற்றில் கட்ட ஒரு சின்னத் தலையணை, பிளாஸ்ரிக் பல்லு, விரித்த முடி. நான் அளவு எடுக்க நாடாவைப் பிடித்தால் பிள்ளை கையை விரிக்கவே இல்லை. உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். ஏன் அம்மா, விருப்பமில்லையா என்று கேட்டேன். "நான் கறுப்பாம். அதுதான் ரீச்சர் என்னை எடுத்தவ." தாய் உடனே கதையை மாற்றினார். பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது.

எனக்குக் கை ஓடவில்லை ஐயா. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு முன்னால் ஸ்ரூலில் இருந்து, கம்பர் சூர்ப்பனகையை எப்படிக் கூட்டி வருகிறார் என்று சொன்னேன்.

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவ மனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடிய ளாகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.

அர்த்தம் எல்லாம் விளங்க வேண்டியதில்லை, காலில் சலங்கை கட்டினது போல அந்தச் சொற்களே நடக்கும். "மஞ்ஞை எண்டால் மயில். மயில் மாதிரி, அன்னம் மாதிரி, கொடி மாதிரி நடந்து வாறாள். உள்ளுக்குள்ள நஞ்சு. ஆனால் வடிவான நடை. வடிவில்லாட்டி இராமன் ஏன் நிமிர்ந்து பார்க்கப் போறான்?" என்று சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, துணி ரோல்களுக்கு நடுவில் இருக்கிற ஒடுங்கின இடத்தில் இரண்டு தடவை நடந்து காட்டினாள். இரண்டாவது தடவை தோளைக் கொஞ்சம் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் கனபேருக்கு வேசம் தைத்திருக்கிறேன், அந்தப் பார்வையை மறக்க மாட்டேன். மயில் கழுத்துப் பச்சையில் பாவாடை தைத்துக் கொடுத்தேன். தலையணை இல்லை. ரீச்சரிடம் நானே போனில் கதைத்தேன், தலையணையை விட்டுவிட்டார். பிளாஸ்ரிக் பல்லை விடவில்லை.

அந்த ரீச்சரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் நேரமில்லை, கையில் இருக்கிற போனில்தான் அவரும் பார்த்திருக்கிறார். ஆனால் அதே நாடகத்தில் இராமன் யார் என்று கேட்டுப் பார்த்தேன். வகுப்பிலேயே வெள்ளைப் பிள்ளையாம். அவனுக்கு நீலப் பவுடர் பூசுகிறார்களாம். இதை நினைத்துப் பாருங்கள். இராமன் கறுப்பு. வால்மீகியிலும் அவன் சியாமள நிறம்தான். கம்பர் "மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ, ஐயோ இவன் வடிவென்பதோர் அழியா அழகுடையான்" என்று திகைத்து நிற்கிறார். கண்ணுக்கு இடுகிற மையில் தொடங்கி மழை மேகம் வரைக்கும் போய், ஒன்றும் ஈடாகவில்லை என்று "ஐயோ" என்று கையை விரித்துவிட்டார். கண்ணன் கறுப்பு. பாஞ்சாலி கறுப்பு, அவளுடைய இயற்பெயரே கிருஷ்ணை, கரிய நிறத்தாள் என்றுதான் அர்த்தம். இந்தக் கதைகளில் கறுப்பு என்பது அழகின் நிறம். அதைத் தலைகீழாக்கி, வெள்ளை என்றால் தேவர், கறுப்பு என்றால் அரக்கர் என்று பிள்ளைகளின் கண்ணுக்குள் ஏற்றிவிட்டார்கள். எங்கள் ஊரில் வெயிலில் கடலுக்குப் போய் வருகிறவர்களின் பிள்ளைகள்தான் கனபேர். அவர்களுக்கு மேடையில் மிஞ்சுவது அரக்கர் வேசம் மட்டும் என்றால் அந்தக் கலைவிழா யாருக்கு?

என் அப்பா கொட்டியாரப் பக்கம் கூத்துக்கு உடுப்புக் கட்டினவர். வடமோடிக் கூத்தில் அரச வேசத்துக்குக் கரப்புடுப்பு என்று ஒன்று உண்டு. பிரம்பு வளையத்தில் அடுக்கடுக்காகத் துணி தொங்கும், கோழியைக் கவிழ்த்து மூடுகிற கரப்புப் போல விரிந்து நிற்கும், அதனால் அந்தப் பெயர். மேலே கண்ணாடி பதித்த முடி, மார்பில் பதக்கம். நான் சின்னப் பெடியனாக ஊசியில் நூல் கோத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இராமனுக்கு ஒரு தரம், இராவணனுக்கு ஒரு தரம் என்று அப்பா துணி வாங்கினது கிடையாது. இரண்டு பேரும் அரசர், இரண்டு பேருக்கும் ஒரே பட்டு, ஒரே கண்ணாடி, நிறம்தான் வேறு. சொல்லப்போனால் இராவணனின் முடிக்குக் கண்ணாடி கூடத்தான் வைப்பார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "தோற்கப் போறவன் வரேக்க நல்லா வரவேணும்" என்றார். மத்தளமும் சல்லரியும் ஏறி ஏறி வர, தீப்பந்த வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடித் துண்டுகள் மின்ன, இராவணன் களரியைச் சுற்றி வரவு ஆடும்போது சனம் எழுந்து நிற்கும். விடியப்புறம் அவன் விழும்போது அதே சனம் கண்ணைத் துடைக்கும். 2006 இடப்பெயர்வில் அப்பாவின் ட்றங்குப் பெட்டி போய்விட்டது, உடுப்புகளும் அதோடு போய்விட்டன. எனக்குக் கையில் இருப்பது அளவுகளும் அந்த ஒரு வசனமும்தான்.

தோற்கப் போகிறவன் நன்றாக வரவேண்டும் என்பது அப்பாவுக்கு மட்டும் தெரிந்த விசயம் இல்லை, அது கம்பனுக்கும் தெரியும். முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து இராவணன் திரும்புகிற இடத்தில் கம்பன் என்ன பாடுகிறான்? யானைகளோடு பொருத மார்பு, மலையை எடுத்த தோள், நாரத முனிவர் மெச்சப் பாடிய நா, பத்து முடி, சங்கரன் கொடுத்த வாள், வீரம், இத்தனையையும் களத்தில் போட்டுவிட்டு "வெறுங்கையோடு இலங்கை புக்கான்". அவன் என்னென்ன வைத்திருந்தான் என்று தெரிந்தால்தான் அந்த வெறுங்கை எங்களுக்கு வலிக்கும். கோரைப்பல்லும் தோல் சட்டையுமாக வந்த ஒருவன் வெறுங்கையோடு போனால் யாருக்கு என்ன? பிள்ளைகள் கை தட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். வால்மீகியும் அப்படித்தான். அசோகவனத்தை அழித்துப் பிடிபட்டு சபைக்கு வந்த அனுமன், இராவணனைக் கண்டதும் என்ன உருவம், என்ன தைரியம் என்று வியந்து, அதர்மம் மட்டும் இல்லாவிட்டால் இவன் தேவலோகத்தையே காக்கத் தக்கவன் என்று நினைக்கிறான். எதிரியின் தூதன் அப்படி நினைக்கிறான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். இராமாயணம் எத்தனையோ இருக்கிறது, ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், கம்பனே வால்மீகியை மாற்றவில்லையா என்று. மாற்றினான்தான். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பன் அதை விரும்பவில்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போவதாகப் பாடினான். நான் நூலகத்தில் வாசித்திருக்கிறேன், சமணர்களின் இராமாயணத்தில் இராவணனைக் கொல்வது இலக்குவன், தாய்லாந்துக் கதையில் சீதை இராவணனுக்குப் பிறந்த மகள். மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை, எதிர்க்க எனக்கு உரிமையும் இல்லை, நான் பார்த்து வளர்ந்த கூத்தே கதையை மாற்றித்தான் ஆடுகிறது. கம்பன் மாற்றும்போது மூலத்தை முழுக்கத் தெரிந்துகொண்டு, ஏன் மாற்றுகிறான் என்று பாட்டிலேயே தெரிய வைத்தான். வால்மீகியின் பெயரையும் மறைக்கவில்லை. இப்போது வருகிற படக்கதையும் காட்டூனும் சீரியலும் எங்கிருந்தோ எடுத்ததைப் பொறுக்கிக் கலந்துவிட்டு "இதுதான் இராமாயணம்" என்று மேலே எழுதிவிடுகிறார்கள். உங்கள் தொடரிலும் அப்படித்தான் தலைப்பு. யாருடைய இராமாயணம் என்று ஒரு சொல் இல்லை.

இலக்குவன் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிழமைக்கு முதல் உங்கள் படக்கதையில் இலக்குவன் அம்பால் நிலத்தில் கோடு கீறிவிட்டுப் போகிறான், சீதை தாண்டுகிறாள், பிடிபடுகிறாள். அந்தக் கோடு அந்த இடத்தில் வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. வடக்கே பிற்காலத்தில் சேர்ந்தது. சேர்ந்தால் சேரட்டும். ஆனால் பேத்தி என்னிடம் கேட்ட கேள்வி: "அப்ப சீதை சொல் கேட்காததாலதானே தாத்தா எல்லாம் வந்தது?" பாருங்கள், ஒரு கோடு எவ்வளவு வேலை செய்துவிட்டது. குற்றம் தூக்கிக்கொண்டு போனவனை விட்டுக் கோட்டைத் தாண்டினவளின் தலையில் ஏறிவிட்டது. உண்மையில் பசியோடு வந்த துறவி என்று நம்பி அவள் உபசரித்தாள், அவ்வளவுதான்.

பாஞ்சாலிக்கும் இதே கதிதான். இந்திரப்பிரஸ்த மாளிகையில் தண்ணீருக்குள் விழுந்த துரியோதனனைப் பார்த்து "குருடன் மகன் குருடன்" என்று அவள் சொன்னாள், அதனால்தான் பாரதப் போர் வந்தது என்று படித்தவர்களே அடித்துச் சொல்கிறார்கள். வியாசரின் சபா பருவத்தில் அந்த இடத்தில் சிரிப்பது பீமனும் அவன் தம்பிமாரும். பாஞ்சாலியும் மற்றப் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்பதைப் பிறகு துரியோதனன்தான் தகப்பனிடம் முறையிடும்போது சொல்கிறான். அந்தச் சொல்லை அவள் வாயில் வைத்தது பிற்காலம், வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது தொலைக்காட்சி. பாண்டிருப்பில் 18 நாள் திருவிழா எடுத்துத் தீ மிதித்துக் கும்பிடுகிற திரௌபதை அம்மனை, வாய்க்கொழுப்பால் ஒரு குலத்தையே அழித்தவள் என்று நாங்களே நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய துயரம்.

சரி, இராவணனை இழிவுபடுத்துகிறவர்கள் ஒரு பக்கம் என்றால் மறு பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. இவர்களுக்கு இராவணன் விஞ்ஞானி, விமானி, உலகத்தின் முதல் ஆகாய விமானத்தைச் செய்தவன். இது தமிழரிடமும் இருக்கிறது, சிங்களவரிடமும் இருக்கிறது. 2019 இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதல் செய்மதிக்கு இராவணா 1 என்று பெயர் வைத்தார்கள், பெயர் வைப்பதில் தவறில்லை. 2020 இல் இராவணனின் வான்பயணம் பற்றிய ஆவணம் இருந்தால் தாருங்கள் என்று அரச தரப்பில் இருந்து பத்திரிகை விளம்பரமே வந்தது. கதை என்ன சொல்கிறது? புஷ்பக விமானம் விசுவகர்மா செய்தது, குபேரனிடம் இருந்தது, அண்ணனை அடித்துவிட்டு இராவணன் பறித்துக்கொண்டது. அவனுடைய பாவக் கணக்கில் இருக்கிற ஒன்றை எடுத்துப் பட்டம் சூட்டினால் அதுவும் கதையைக் கெடுப்பதுதான். சீதையைத் தூக்கியதை மறைத்து, அவன் விரல்கூடத் தொடவில்லை, எவ்வளவு கண்ணியமானவன் பாருங்கள் என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கம்பனில் தொடவில்லைதான், ஆனால் அசோகவனத்தில் அரக்கியரைச் சுற்றி வைத்துப் பத்து மாதம் வெருட்டினானே, அது கண்ணியமா? தேவாரம் பாடினவர்கள் இராவணனை நேசித்தார்கள், ஆனால் அவன் செய்ததை மறைக்கவில்லை. அவன் செருக்கும் அவன் கண்ணீரும் ஒரே பாட்டில் இருக்கும்.

எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு இருக்கிறது. தாய் கும்பிட ஆசைப்பட்டாள் என்பதற்காக மலையோடு இறைவனைப் பெயர்த்துக்கொண்டு போக வாளால் வெட்டின இடம் என்று வழிவழியாகச் சொல்கிறோம். போன மாதம் வெளியூரில் இருந்து வந்த ஒரு பெடியன் அந்த இடத்தில் நின்று போனைப் பிடித்து வீடியோ எடுக்கிறான், "இராமனின் அம்பு பட்டுப் பிளந்த பாறை" என்று. நான் பக்கத்தில் நின்றேன். தம்பி, அப்படி இல்லை, இது அம்மாவுக்காக ஒரு மகன் செய்த அடாவடி என்று சொன்னேன். மரியாதையான பிள்ளை, திரும்ப எடுத்தான். ஆனால் அவன் அந்தக் கதையை இன்னொரு வீடியோவில்தான் பார்த்தானாம், அதற்கு இலட்சக்கணக்கில் பார்வையாம்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு. மகன் மலையைப் பெயர்க்கப் போன இடத்தில் உயிரோடு இல்லை என்று கேள்விப்பட்டுத் தாய் இறந்துபோக, கிழவேதியன் வடிவில் வந்த திருமால் ஊன்றிய இடத்தில் நீர் வந்தது என்று சிலரும், இராவணன் வாளால் குத்தின இடத்தில் வந்தது என்று சிலரும் சொல்வார்கள். எப்படியானாலும் அது ஒரு மகன் தாய்க்குக் கடன் கழித்த இடம். என் அம்மாவின் அந்தியேட்டி முடித்து அந்த நீரில்தான் தலை முழுகினேன். வாளியில் அள்ளி ஊற்றும்போது ஒரு கிணற்றுத் தண்ணீர் இதமான சூடு, அடுத்தது இன்னும் கொஞ்சம் கூட, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. அந்த நேரத்தில் எனக்கு இராவணன் அரக்கனும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. எனக்கு முதல் அந்த இடத்தில் ஈரத்துணியோடு நின்ற ஒரு மகன். வால்மீகியில் அவன் விழுந்த பிறகு ஈமக்கடன் செய்ய விபீடணன் தயங்க, பகை சாவோடு முடிந்தது, இவன் உனக்கு எப்படியோ எனக்கும் அப்படித்தான், கிரியையைச் செய் என்று இராமன் சொல்கிறான். கன்னியாவுக்குப் போய்வந்த ஒருவனுக்கு அந்த இடம் நன்றாக விளங்கும்.

இன்னும் ஒன்று, இதை எழுத வேண்டுமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். 2023 ஜூனில் இந்தியாவில் ஒரு பெருஞ்செலவு இராமாயணப் படம் வந்தது. அனுமன் பேசிய வசனம் தரக்குறைவு என்று எதிர்ப்புக் கிளம்பிப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வசனத்தை மாற்றினார்கள். சீதையை இந்தியாவின் மகள் என்று சொன்ன வரிக்காகக் காத்மண்டுவில் இந்தியப் படங்களையே நிறுத்தினார்கள், மிதிலை அவர்கள் பக்கம் என்பதால். அந்தப் படத்து இராவணனுக்குத் தாடி. உடனே வந்த முறைப்பாடு, அவன் முகலாய அரசன் போல இருக்கிறான் என்பது. படம் எடுத்தவர்கள் என்ன நினைத்து எடுத்தார்களோ, முறையிட்டவர்கள் என்ன நினைத்து முறையிட்டார்களோ, இரண்டுக்கும் நடுவில் ஒரு சமூகத்தின் தாடி அரக்கனின் அடையாளம் ஆகிவிட்டது. நான் துணி எடுக்கிற கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. நாற்பது வருசப் பழக்கம். அந்த இராவணன் படத்தோடு ஒரு தகப்பன் வந்து "தாடியும் வேணும் அண்ணை" என்றபோது, ஒட்டுத் தாடியை வாங்கித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோயில் முற்றத்தில் ஆடுகிற கதையில் பக்கத்து வீட்டுக்காரனின் முகத்தை எதிரிக்கு ஒட்டுவதைத் திருகோணமலையில் இருந்துகொண்டு என்னால் செய்ய முடியாது. நாங்கள் பட்டது போதும்.

இனி உங்களிடம் கேட்கிறது. தொடரை நிறுத்தச் சொல்லவில்லை, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், பேத்தி என்னோடு கோபித்துக்கொள்வாள். தலைப்புக்குக் கீழே "கம்பராமாயணத்தின்படி" என்றோ "பல கதைகளில் இருந்து" என்றோ ஒரு வரி போடுங்கள். மாற்றின இடத்தில் மாற்றினோம் என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது விளங்கும், அவர்கள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர். முடிந்தால் கிழமைக்கு ஒரு பாட்டு, நாலே வரி, சின்னப் பெட்டிக்குள். மட்டக்களப்பிலும் மூதூர்ப் பக்கத்திலும் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் இன்னும் இருக்கிறார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வடமோடியை எடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இராவணேசன் என்று மேடையேற்றியபோது, படித்த சனம் இராவணனுக்காக அழுததை எனக்கு மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு மரபு கைக்கெட்டின தூரத்தில் இருக்கும்போது உங்கள் ஓவியர் ஏன் காட்டூனைப் பார்த்து வரைய வேண்டும்?

ஓவியருக்கு ஒரு விசயம் சொல்லிவிடுங்கள். என் கடையில் இப்போது இராவணன் உடுப்பு ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்டு அல்ல, அப்பாவின் அளவில், கரப்புடுப்பு. பிரம்பு கட்டி முடிந்துவிட்டது, அரக்குச் சிவப்புப் பட்டு மூன்று அடுக்கு வைத்தாயிற்று, முடிக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கிறேன். வரைய வேண்டும் என்றால் வந்து பார்த்து வரையட்டும், ஒரு நாள் முழுக்க இருந்தாலும் எனக்குச் சந்தோசம். போடுகிற பிள்ளை யார் என்று இன்னும் தெரியாது. யார் போட்டாலும் முடி வைக்க முதல் நெற்றியில் மூன்று குறி திருநீறு நானே பூசிவிடுவேன்.

இப்படிக்கு,
உவர்மலைத் தையற்காரன்,
திருகோணமலை.